இடைவெளி மீட்புக் கட்டணம்

அந்தப் பல் டாக்டருக்குத் தங்கமான மனசு. கடைவாய்ப் பல்லில் ஓட்டை என்று போனவளுக்கு முன்பல்லையும் சேர்த்துப் பார்த்துவிட்டார். இந்தக் காலத்தில் காலில் விழுந்து கேட்டால்கூட எவரும் எதையும் செய்து தருவதில்லை. இவர் கேட்காமலே செய்தார். என்ன, பில்லையும் கேட்காமலே போட்டார்.

போனவள் சரக்குக் குடோனில் வேலை செய்கிறவள். பின்பக்கமாக வருகிற லாரிகளை மேடையோடு ஒட்டி நிறுத்த, பின்னால் நின்று சைகை கொடுப்பது வேலை. பத்தொன்பது வருஷமாக அதுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. வாட்ச்மேனிலிருந்து முதலாளி வரைக்கும் அவள் விசிலக்கா. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு காசைச் செருகி நிறுத்துகிற அளவுக்கு இடுக்கு. நாக்கை அதன் பின்னால் மடக்கி ஓர் ஊது ஊதினால், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்கும் டிரைவருக்கும் கேட்கும். சின்ன வயதில் அந்த இடுக்கைக் கேலி செய்யாத ஆளே கிடையாது. ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒருவர் மட்டும் “எங்க, ஒரு தடவை சீட்டி அடிச்சுக் காட்டு” என்று கேட்டார். அவரையே கட்டிக்கொண்டாள்.

அன்றைக்குக் கடைவாய்ப் பல் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆயிரத்து இருநூறு ஆகும் என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். நியாயமான தொகை, மரியாதையான டாக்டர் என்று நினைத்துக்கொண்டே எழப் பார்த்தாள். டாக்டர் தோளில் கைவைத்து அழுத்தினார்.

“இருங்க இருங்க. முன்னாடி இந்த கேப்பு ரொம்ப நாளா இருக்கா?”

பிறந்ததிலிருந்து இருக்கிறது, அதற்கு நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஒரு கன்னத்தில் பஞ்சு, மறு கன்னத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய். வெளியே வந்தது தண்ணீர் தீர்ந்த குழாயின் சத்தம்தான்.

“மூடிடலாம். முகமே மாறிடும். வாயை மட்டும் மூடிடாதீங்க, முடியப்போகுது,” என்று சொல்லிக்கொண்டே மேலுதட்டுக்குள் இன்னோர் ஊசியை ஏற்றினார்.

அவள் கையைத் தூக்கினாள். விரல்களை விரித்து, உள்ளங்கை முன்னால் தெரிய, நேராகத் தூக்கினாள். குடோனில் அந்தக் கை உயர்ந்தால் இருபது டன் வண்டி அப்படியே நிற்கும். இங்கே பக்கத்தில் நின்ற நர்ஸ் அந்தக் கையை அன்பாகப் பிடித்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். “பயப்படாதீங்க அக்கா, வலிக்காது,” என்றாள்.

வலிக்கவில்லை. அது உண்மை. முக்கால் மணி நேரம் மேலே ஏதோ உறுமியது, எதையோ பூசினார்கள், நீல வெளிச்சம் அடித்தார்கள், உதட்டை இழுத்துப் பிடித்துப் போட்டோ எடுத்தார்கள். கடைசியில் ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். கண்ணாடியில் வேறு யாரோ ஒருத்தி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

முன்மேசைப் பெண் பில்லை இரண்டு கையாலும் நீட்டினாள். அந்த மரியாதையைப் பார்த்ததும் பைக்குள் இருந்த பணத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பல் அடைப்பு ஆயிரத்து இருநூறு. புன்னகை ஆலோசனை ஆயிரத்து ஐந்நூறு. இடைவெளி அடைப்பு ஆறாயிரம். ஓரம் சீரமைப்பு ஆயிரத்து இருநூறு. முன்-பின் புகைப்படம் எண்ணூறு. கையுறை, முகமூடி எழுநூறு. மொத்தம் பதினோராயிரத்து நானூறு. ஓரம் சீரமைப்பு என்றால் என்னவென்று புரியவில்லை. துடைத்து மெழுகியதற்குப் போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். கோபம் எல்லாம் ஆலோசனையின் மேல் வந்தது.

“ஆலோசனைன்னா என்ன? யாரு யார்கிட்ட பேசினாங்க?” மரத்த உதட்டால் கேட்டாள்.

“டாக்டர் உங்ககிட்ட பேசினார்ல மேடம்.”

“நான் பேசலையே.”

“அதுக்கு நாங்க சார்ஜ் பண்ணல மேடம்.”

ஆயிரத்து இருநூறை எண்ணி மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாப் வந்து சேர்வதற்குள் போனில் செய்தி வந்துவிட்டது. உங்கள் புன்னகை எங்கள் பெருமை, நிலுவை பத்தாயிரத்து இருநூறு. பெருமை அவர்களுக்கு, நிலுவை இவளுக்கு. பங்கு பிரித்ததில் குறை சொல்ல முடியாது.

வீட்டில் புருஷன் அவளை வாசலிலேயே நிறுத்தி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தா பாரு, நல்லாத்தான் இருக்கு. பத்து வயசு குறைஞ்ச மாதிரி.”

“நீங்களுமா?”

“நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?”

அவள் வீட்டின் பின்பக்கம் போனாள். மரப்பு விட்டதும் நாக்கை மடக்கி ஊதிப் பார்த்தாள். உஸ்ஸென்று காற்று வந்தது. குக்கரின் வெயிட்டைத் தூக்கிவிட்டால் வருமே, அதுகூட இல்லை. மறுபடி ஊதினாள், மறுபடி உஸ். ஏழெட்டுத் தடவை ஊதியதில் தலை சுற்றியது. புருஷன் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. போய்ப் பில்லை எடுத்துப் பார்த்தார். பிறகு அவருக்குத் தெரிந்த ஒரே உதவியைச் செய்தார். கடைக்குப் போய் அந்தப் பில்லை ஆறு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார்.

இதில் என்ன தலை போகிற விஷயம், கடையில் ஒரு பிளாஸ்டிக் விசில் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். டாக்டரும் பிற்பாடு அதைத்தான் கேட்டார். குடோனில் நான்கு மேடைகள், மேலே தகரக் கூரை. நான்கு மேடையிலும் பிளாஸ்டிக் விசில் ஊதினால், கூரையில் மோதி எது எங்கிருந்து வருகிறது என்று கடவுளுக்கே தெரியாது. முன்பு ஒரு காலத்தில் அப்படித்தான் ஊதினார்கள். சத்தம் கேட்காவிட்டால், சரி, வழி இருக்கிறது போல என்று டிரைவர்கள் வண்டியை நகர்த்துவார்கள். அப்படி நகர்ந்த ஒரு வண்டி, மூட்டை இறக்குகிற ஒருவரின் காலை நசுக்கியது. பக்கத்தில் நின்று பார்த்தவள் இவள். மறுநாளே ஒரு விதி கொண்டுவந்தாள். என் விசில் கேட்டால் வா, கேட்காவிட்டால் நில். கை உயர்ந்தால் யாருடைய கையானாலும் நில். சத்தமே இல்லையா, அதுவும் நில். முதலாளி போர்டு எழுதி மாட்டினார். நான்கு மேடைக்கும் அவள் ஒருத்தியே ஊதினாள். எந்த மேடைக்கு எத்தனை நீள ஊது, நிறுத்துவதற்கு எத்தனை குட்டை ஊது என்று டிரைவர்களுக்கு அத்துப்படி. பதினாறு வருஷத்தில் ஒரு கால்விரல்கூடப் போகவில்லை.

வாயில் மாவுக்கட்டுப் போட்ட மூன்றாம் நாள், சூப்பர்வைசர் பிளாஸ்டிக் விசிலைக் கொடுத்தார். அவள் மூன்றாம் மேடைக்கு ஊதினாள். பக்கத்துக் கம்பெனி வாசலில் வாட்ச்மேனும் அதே நேரத்தில் அதே மாதிரி ஒன்றை ஊதினார். ஒன்றாம் மேடையிலிருந்த வண்டி புறப்பட்டுத் தூணில் மோதியது. உள்ளே இருபத்திரண்டு வெஸ்டர்ன் டாய்லெட். அதில் பத்தொன்பது, உட்கார முடியாத நிலைக்கு வந்துவிட்டன.

“உங்க மேல எனக்குக் கோவம் இல்லக்கா,” என்றார் சூப்பர்வைசர். “டாய்லெட்காரன் என்மேல கோவமா இருக்கான். மாசக் கடைசி வரைக்கும் கேட்ல உக்காருங்க. சரக்குச் சீட்டைச் சரிபாருங்க. அதுக்குள்ள விசில் திரும்ப வந்தா வாங்க. இல்லேன்னா நான் வேற ஆள் போட்டாகணும்.”

வேறு ஆள் என்றால் யார் என்பதும் தெரியும். முதலாளியின் மச்சான் மகன். காதில் எப்போதும் எதையோ மாட்டிக்கொண்டிருப்பவன். அவன் பின்னால் நிற்க, இந்த டிரைவர்கள் எல்லாம் வண்டியைப் பின்னுக்கு எடுக்க வேண்டும் என்று நினைத்தபோதே அவளுக்குக் கால் கூசியது.

இன்னொரு பல் டாக்டரிடம் போனாள். அவர் வாயைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், கையைக் கழுவிக்கொண்டார். ஒருவர் போட்டதை இன்னொருவர் தொட்டால் பிற்பாடு பொறுப்பு தன் தலையில் விடியும், முதல் டாக்டரின் பதிவேடு வேண்டும் என்றார். பதிவேடு கேட்டால் நிலுவையைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பல் டாக்டர்களுக்கென்று இருக்கிற சங்கத்துக்குப் புகார் எழுதினாள். தங்கள் புகார் கிடைத்தது, தொண்ணூறு வேலை நாட்கள் பொறுக்கவும் என்று பதில் வந்தது. மாசக் கடைசிக்கு இருந்தது எட்டு நாள்.

எனவே நேராகவே போனாள், புருஷனையும் ஆறு ஜெராக்ஸையும் கூட்டிக்கொண்டு. காத்திருக்கிற அறையின் சுவரில் ஒரு புதுப் படம் மாட்டியிருந்தது. மேலே ஓர் இடுக்குப் பல் வாய், கீழே அதே வாய் இடுக்கு இல்லாமல். கண்ணும் மூக்கும் வெட்டப்பட்டிருந்தன. நாற்பத்தேழு வருஷமாகத் தன்னோடு இருக்கிற வாயை அவளுக்குத் தெரியாதா. எண்ணூறு கேட்டார்களே, அந்தப் போட்டோ. விளம்பரம் அவர்களுக்கு, செலவு இவளுக்கு.

டாக்டர் அவர்களை நிற்கவைத்தே பேசினார். பக்கத்து நாற்காலியில் ஒரு வாய் திறந்து காத்துக்கொண்டிருந்தது.

“எல்லாரும் இதைக் காசு கொடுத்துக் கேட்டு வாங்கறாங்கம்மா. நீங்க என்னடான்னா சண்டைக்கு வரீங்க.”

“நானும் காசு கொடுக்கணும்னுதானே சொல்றீங்க. கேட்டதுதான் இல்லை.”

“கேட்டேனே. நீங்க வேண்டாம்னு சொல்லலையே.”

“வாய்க்குள்ள உங்க கை இருந்துச்சு டாக்டர். கையைத் தூக்கினேன். அதை உங்க நர்ஸ் பிடிச்சுக்கிட்டாங்க.”

“அது பயம். எல்லாரும் தூக்குவாங்க,” என்றார் டாக்டர். எல்லாரும் தூக்குவார்கள் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது, பாருங்கள். பிறகு ஒரு தாளை எடுத்துக் காட்டினார். முதல் நாள் அட்டையில் வைத்து நீட்டியது. முன்பக்கம் பெயர், வயது, கையெழுத்து. பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. மருத்துவர் தேவை எனக் கருதும் எந்தச் சிகிச்சைக்கும் இசைவு அளிக்கிறேன்.

“பின்பக்கம் இருக்குன்னு யாரும் சொல்லலையே,” என்றார் புருஷன். ஜெராக்ஸ் கடைக்காரர், ஒரு தாளுக்குப் பின்பக்கம் இருப்பது தனக்கே தெரியாமல் போனதில் அவருக்கு மானம் போயிருந்தது.

“படிக்க வேண்டியது உங்க பொறுப்பு.”

“சரி,” என்றாள் அவள். “பணத்தை விடுங்க. என் பல்லு எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கிக் கொடுங்க. எனக்கு அது பொழப்பு.”

“ஒரு பிளாஸ்டிக் விசில் வாங்கிக்கலாமே,” என்றார் டாக்டர், உண்மையாகவே அக்கறையோடு. அதன்பின் காத்திருந்த வாயின் பக்கம் திரும்பிவிட்டார். முன்மேசைப் பெண் கணினியில் தட்டி ஒரு மதிப்பீட்டை நீட்டினாள். இடைவெளி மீட்பு, நாலாயிரத்து ஐந்நூறு. பழைய நிலுவை தீர்ந்தபின்.

அடைத்ததற்கு ஒரு காசு, திறப்பதற்கு ஒரு காசு. வெளியே வந்ததும் அவள் அழுதுவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். அன்றைக்கு நல்லா இருக்கு என்று சொன்ன வாயால் புருஷனுக்கு ஆறுதலும் சொல்ல வரவில்லை. ஜெராக்ஸ் கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே நின்றார்.

கேட்டில் உட்கார்ந்த ஆறாம் நாள், வெளியே போகிற சரக்குச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் கையில் அந்தச் சீட்டு வந்தது. பல் எக்ஸ்ரே இயந்திரம், ஒன்று. முந்நூற்று இருபது கிலோ. இறக்குமிடம், அதே டாக்டரின் கிளினிக், பின்வாசல்.

குடோன் சீட்டுக்கும் பின்பக்கம் உண்டு. இறக்குமிடத்தில் வண்டியைப் பின்னுக்கு எடுக்கச் சைகையாளுக்கு ஏற்பாடு செய்வது வாடிக்கையாளர் பொறுப்பு. முதல் அரை மணிக்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் காத்திருப்புக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு. வழக்கமாக இதை யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். அவள் சொன்னாள். சத்தியமாக, எந்த உள்நோக்கமும் இல்லாமல்தான் போனை எடுத்தாள். படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் படும் பாடு அவளைவிட யாருக்குத் தெரியும்.

“நாளைக்கு வண்டி வருது. சீட்டுக்குப் பின்பக்கம் ரெண்டு விஷயம் இருக்கு. படிச்சுக் காட்டவா?”

“டாக்டர் பிஸியா இருக்கார் மேடம்,” என்றது முன்மேசைக் குரல். “எல்லாத்துக்கும் ஓகேன்னு போட்டுக்கோங்க.”

“சைகை காட்ட ஆளு வேணும். இல்லேன்னா டிரைவர் சந்துக்குள்ள வர மாட்டார்.”

“ஓகேன்னு போட்டுக்கோங்க மேடம்.”

போட்டுக்கொண்டாள். நேரத்தையும் எழுதிவைத்தாள்.

வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் ஒத்தக் கண்ணாடி. அவனுடைய லாரிக்கு இடது பக்கக் கண்ணாடி உடைந்து வருஷக்கணக்காகிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அவனும் ஓய்ந்துவிட்டான். விசிலக்காவின் சத்தம் இருக்கிறவரை அவனுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. காலை பத்து மணிக்கு அவன் கிளினிக்கின் பின்சந்து முனையில் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். ஒரு பக்கம் மதில், இன்னொரு பக்கம் கிளினிக்கின் கண்ணாடி விளம்பரப் பலகை. நடுவில் லாரியும் ஒரு சாணும்தான் போகும். டாக்டரே வெள்ளைக் கோட்டோடு வந்து பின்னால் நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, வா வா என்று ஆட்டினார். இருக்கிற ஒரு கண்ணாடியில் ஒத்தக் கண்ணாடிக்குத் தெரிந்தது உயர்ந்த கை. உயர்ந்த கை என்றால் நில். நின்றான். டாக்டர் இன்னும் உயரமாகத் தூக்கினார். அவன் எஞ்சினையே அணைத்துவிட்டான்.

கத்திப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். முனையிலேயே இறக்கலாம் என்றால் சந்து முழுக்கக் குண்டும் குழியும். முந்நூற்று இருபது கிலோவை யார் தூக்குவது. இயந்திரத்தைப் பொருத்துகிற ஆட்கள் வெளியூரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் போனால் அடுத்த மாசம்தான் வருவார்களாம். பன்னிரண்டு மணிக்கு டாக்டர் குடோனுக்குப் போன் போட்டார். உங்ககிட்ட இருக்கறதுலேயே நல்ல ஆளா ஒருத்தரை உடனே அனுப்புங்க என்றார். சூப்பர்வைசருக்கு நல்ல ஆள் என்றால் ஒரே ஆள்தான். பழக்கதோஷம், அனுப்பிவிட்டார்.

ஆட்டோவிலிருந்து இறங்கியவளைப் பார்த்ததும் டாக்டரின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பாவம், மனுஷன் இடுக்கில் மாட்டிக்கொண்டார்.

“நீங்களா?”

“நான்தான். கேட்டு அனுப்பினீங்களாமே.”

“சரி, வரச் சொல்லுங்க அவனை.”

“விசில் இல்லாம வர மாட்டான் டாக்டர்.”

“ஊதுங்க.”

“எதை வெச்சு ஊதறது?”

டாக்டர் அவள் வாயைப் பார்த்தார். பிறகு ஒத்தக் கண்ணாடியைப் பார்த்தார். அவன் ஸ்டியரிங் மேல் கால் போட்டுப் படுத்திருந்தான்.

“நான் காசு கொடுத்து வண்டி வரவழைச்சா, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என்னை மிரட்டறீங்களா?”

“நான் மிரட்டல. நேத்தே போன் பண்ணிச் சொன்னேன், எழுதி வெச்சிருக்கேன். சீட்டுக்குப் பின்பக்கம் இருக்கு, படிச்சுப் பாருங்க. எழுத்து உங்களுது மாதிரி பொடிசா இருக்காது.”

முன்மேசைப் பெண் தரையைப் பார்த்தாள். டாக்டர் பின்பக்கத்தைப் படித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பின்பக்கத்தைப் படிக்கிறவர் மாதிரி உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார்.

இடுக்கைத் திறந்துவிடுகிறேன் என்று அவளை உள்ளே கூப்பிட்டார். நாற்காலியில் ஏறுமுன் அவள் தாளில் எழுதி வாங்கினாள். நிலுவை ரத்து. மீட்புக்குக் கட்டணம் இல்லை. சுவரில் இருக்கிற வாயை இறக்க வேண்டும். கடைசியாக ஒன்று, கை தூக்கினால் நிறுத்த வேண்டும். டாக்டர் கையெழுத்துப் போட்டபின் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துக்கொண்டார். அங்கே ஒன்றும் இல்லை.

நர்ஸ் இந்தத் தடவை அவள் கையைத் தொடவில்லை. இயந்திரம் உறுமியது. அவள் கையைத் தூக்கினாள். நின்றது. “என்ன?” என்றார் டாக்டர். “ஒண்ணும் இல்ல, நிக்குதான்னு பார்த்தேன்,” என்றாள். மறுபடி உறுமியது, மறுபடி தூக்கினாள், மறுபடி நின்றது. நான்கு தடவை. வெளியே மணிக்கு ஆயிரத்து ஐந்நூறு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் டாக்டர் கற்றுக்கொண்ட பொறுமையைப் படிப்புக் காலத்தில் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

பூச்சு போனது. நாக்கால் தொட்டுப் பார்த்தாள். இடுக்கு இருந்தது. உள்ளே காற்று ஓடியது. சந்தோஷத்தில் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். ஆனால் நாக்கு வலப்பக்கம் போனபோது ஏதோ வழுக்கியது. பழகின வீட்டில் ஒரு படி குறைந்த மாதிரி இருந்தது.

“இந்தப் பக்கம் ஒரு முனை இருக்குமே. கூரா, கொஞ்சம் நீளமா.”

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். “அதுவா. பூசறதுக்கு முன்னாடி சீவினேன். ரெண்டும் சமமா இருக்கணும்ல. பில்லுல போட்டிருந்தேனே, ஓரம் சீரமைப்புன்னு.”

“அதைத் திரும்ப வைங்க.”

“அது பல்லும்மா. சீவினா சீவினதுதான். வராது.”

அவர் பொய் சொல்லவில்லை. பில்லில்தான் இருந்தது. ஆறு வரியில் அந்த ஒரு வரியை மட்டும் அவள் என்னவென்று கேட்கவில்லை. அதைத்தான் திருப்பித் தரவே முடியாதாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாய் வந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது. எழுந்து வெளியே போனாள்.

சந்தின் உள்முனையில், வழக்கம்போல் காலை அகட்டி நின்றாள். நாக்கை மடக்கினாள். ஊதினாள். சத்தம் வந்தது. பலமாகத்தான் வந்தது. ஆனால் தடித்துப்போய், ஜலதோஷம் பிடித்தவள் ஊதின மாதிரி வந்தது. லாரி அசையவில்லை. இன்னொரு தடவை ஊதினாள். ஒத்தக் கண்ணாடி எஞ்சினைக் கிளப்பினான், சக்கரம் அசையவில்லை.

“அதான் ஊதியாச்சே,” என்றார் டாக்டர். “ஏன் வர மாட்டேங்கிறான்? நேரம் ஆகுது.”

“நீங்க கொஞ்சம் வாயை மூடிட்டு நில்லுங்க டாக்டர், முடியப்போகுது,” என்று சொல்லிவிட்டு மதிலை ஒட்டி வண்டியின் முன்பக்கம் வரை நடந்தாள்.

ஒத்தக் கண்ணாடி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். “யாரோ ஊதறாங்கக்கா. உங்க சத்தம் வரட்டும்னு உக்காந்திருக்கேன்.”

பத்தொன்பது வருஷம். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அது நான்தான்,” என்றாள். “முனையைச் சீவிட்டாராம். இனிமே எனக்கு இப்படித்தான் வரும்.”

அவன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். அவள் வாயைப் பார்த்தான். எட்டிப் பின்னால் நின்ற வெள்ளைக் கோட்டையும் பார்த்தான். “அக்கா, அந்தப் பலகையை மட்டும் ஒரு இடி இடிக்கட்டுமா? கண்ணாடி இல்லாத பக்கம்தான், தெரியலன்னு சொல்லிக்கலாம்.”

“வேணாம். சொல்லாம யாரையும் இடிக்கக் கூடாது. காதைக் கொடு இப்படி.”

நீளமாக ஒன்று ஊதினாள், வா என்பதற்கு. குட்டையாக இரண்டு ஊதினாள், நில் என்பதற்கு. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மறுபடி ஊதச் சொன்னான். மறுபடி ஊதினாள். மூன்றாவது தடவை அவனாகவே கண்ணைத் திறக்காமல், “இது வா, இது நில்லு,” என்றான். பின்னாலிருந்து டாக்டர் என்னவோ கேட்டார். இருவரும் திரும்பவில்லை. நாளைக்குக் குடோனில் இன்னும் முப்பது டிரைவர்களுக்கு இதையே ஊதிக் காட்ட வேண்டும். மாசக் கடைசிக்கு ஐந்து நாள் இருந்தது.

“இந்தச் சத்தத்துக்கு வருவியா?” என்று கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

“தலையாட்டாத. வாயைத் திறந்து சொல்லு. எனக்குக் கேக்கணும்.”

“வரேன்க்கா,” என்றான் அவன், சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி.

அதன் பிறகுதான் அவள் பின்னால் போய் நின்று ஊதினாள்.